பொண்ணு கம்யூனிட்டி காலேஜ்ல ஹிஸ்டரி பி.ஏ. ஆரம்பிக்கறேங்கறா, வீட்ல ரெண்டு கட்சி

மிஷன்பீக்_அம்மா
ஏப்ரல் 12, ராத்திரி 11:47

இத்தனை நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதான் முதல் போஸ்ட், நீளமா இருக்கும் பொறுத்துக்குங்க. நாங்க கலிஃபோர்னியால, சான் ஃப்ரான்சிஸ்கோ பே ஏரியா ஃப்ரீமாண்ட்ல மிஷன் சான் ஹோசே பக்கம் இருக்கோம். பொண்ணு ட்வெல்த் முடிக்கப் போறா. அவளுக்கு ஹிஸ்டரி படிக்கணும். ஆமா ஹிஸ்டரிதான். நைன்த்லேர்ந்து சொல்லிட்டிருக்கா, போகப்போக மாறிடும்னு நாங்கதான் நெனச்சுட்டோம்.

யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) கேம்பஸ்ல பெர்க்லி, யூசிஎல்ஏ, இர்வைன், டேவிஸ் எல்லாம் நோ சொல்லிட்டாங்க. கணக்குல ரெண்டு சி வாங்கினா, அதுவா இருக்கும். ஒரு ப்ரைவேட் யுனிவர்சிட்டில இடம் கெடச்சிருக்கு, ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல வருது. இவ என்னடான்னா நேத்து சாப்பிடறப்ப ரொம்ப கூலா, "நான் இங்கயே ஓலோனி கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சிட்டு பெர்க்லிக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகறேன், காசும் மிச்சம், தோசையும் கெடைக்கும்"னுட்டா. (கம்யூனிட்டி காலேஜ்னா முதல் ரெண்டு வருஷத்துக்கான அரசு காலேஜ்.) அப்பா தட்டை அப்படியே வெச்சிட்டு எழுந்து போயிட்டார்.

அவர் வாதம் இதுதான். எடுக்கறதே ஆர்ட்ஸ், அதையும் கம்யூனிட்டி காலேஜ்லயா, எங்கயும் இடம் கெடைக்காதவங்க போற எடம், தமிழ் மன்றத்துல யாராவது பொண்ணு எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது. எனக்கு அந்தக் கடைசி கேள்வி பத்தி கவலை இல்ல (கொஞ்சம் இருக்கு, பொய் சொல்லல), ஆனா இந்த ட்ரான்ஸ்ஃபர்ங்கறது நிஜமாவே நடக்குதா, இல்ல சும்மா சொல்றாங்களா? போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. மே 1க்குள்ள ப்ரைவேட்டுக்கு பதில் சொல்லணும்.


குபர்டினோ_குமார்
ஏப்ரல் 13, காலை 7:05

சார் சொல்றதுல தப்பு இல்லங்க. ஃப்ரெண்ட்ஸ், நெட்வொர்க், கேம்பஸ் லைஃப்னு ஒண்ணு இருக்கு, 18 வயசுல வீட்லேர்ந்து கார் ஓட்டிட்டு காலேஜ் போறது ஹைஸ்கூலோட அடுத்த ரெண்டு வருஷம் மாதிரிதான். எங்க தெருவுல ஒரு பையன் ரெண்டு வருஷம்னு சொல்லிட்டு போனான், இப்ப நாலாவது வருஷம், இன்னும் அங்கயேதான் இருக்கான். ஹிஸ்டரிதான் வேணும்னா கேல் ஸ்டேட் (மாநிலத்தோட இன்னொரு அரசு யுனிவர்சிட்டி) எதுலயாவது நேரா போகட்டும். அப்பறம் ஹிஸ்டரி படிச்சு என்ன வேலைன்னு நான் கேக்கல, கேட்டா எல்லாரும் அடிக்க வருவீங்க.


ரெண்டாம்_வாசல்
ஏப்ரல் 13, மதியம் 12:31

அக்கா, நான் போனவன். சவுத் பேல ஒரு காலேஜ், அங்கேர்ந்து டேவிஸ், இங்கிலீஷ் பி.ஏ. இப்ப சட்டம் படிச்சிட்டிருக்கேன். அதனால குமார் அங்கிள் கேக்காம விட்ட கேள்விக்கும் பாதி பதில் சொல்லிட்டேன்.

முதல்ல இது சும்மா சொல்றது இல்ல. 1960ல கலிஃபோர்னியா மாஸ்டர் ப்ளான்னு ஒண்ணு போட்டாங்க, கிளார்க் கெர் யூசி பிரெசிடெண்டா இருந்தப்ப. அதுலயே மூணு அடுக்கா பிரிச்சாச்சு, யூசி, ஸ்டேட் காலேஜ் (இப்ப கேல் ஸ்டேட்), ஜூனியர் காலேஜ் (இப்ப கம்யூனிட்டி காலேஜ்). கீழ ரெண்டு வருஷம் முடிச்சவங்க மேல ஏறிப் போகணும்னுதான் கட்டடமே அப்படிக் கட்டினது. அது பின்வாசல் இல்ல, ரெண்டாவது முன்வாசல் (என் பேர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கும்). இப்ப மாநிலம் முழுக்க 116 கம்யூனிட்டி காலேஜ் இருக்கு.

காசு கணக்கு. பாடத்தோட அளவை யூனிட்னு எண்ணுவாங்க, ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். ட்ரான்ஸ்ஃபருக்கு 60 செமஸ்டர் யூனிட் வேணும். 60 பெருக்கல் 46, மொத்தம் 2,760 டாலர். ரெண்டு வருஷத்துக்கு! டி ஆன்சா, ஃபுட்ஹில் காலேஜ் மாதிரி குவார்ட்டர் (வருஷத்தை நாலாப் பிரிக்கற) சிஸ்டம்ல யூனிட்டுக்கு 31, ஆனா 90 யூனிட் வேணும், அதுவும் கிட்டத்தட்ட அதே தொகைதான். முதல் தடவையா காலேஜ் போற ஃபுல் டைம் பசங்களுக்கு பல காலேஜ்ல ப்ராமிஸ் ப்ரோக்ராம்னு இந்த ஃபீஸையும் தள்ளுபடி பண்றாங்க, ஓலோனில கேட்டுப் பாருங்க. ப்ரைவேட்ல இதே ரெண்டு வருஷம் 1,60,000. வித்தியாசத்தை சாரை விட்டே கழிக்கச் சொல்லுங்க.

அப்பறம் அந்த ரெண்டு சி. ஜூனியரா, அதாவது மூணாவது வருஷத்துல, ட்ரான்ஸ்ஃபர் ஆகறப்ப யூசி பாக்கறது காலேஜ் மார்க்கைத்தான், ஹைஸ்கூல் மார்க்கை இல்ல. டென்த்ல வாங்கின சி அங்கயே செத்துப்போச்சு. இதை உங்க பொண்ணு கண்டிப்பா கண்டுபிடிச்சிருப்பா, அதான் கூலா தோசை சாப்பிட்டிருக்கா.

கிளாஸ் இருக்கு, சாயங்காலம் டேக்ங்கற சீட் உத்தரவாதம் பத்தி எழுதறேன்.


மிஷன்பீக்_அம்மா
ஏப்ரல் 13, மதியம் 1:10

தம்பி ரொம்ப தேங்க்ஸ். டிகிரில ரெண்டு காலேஜ் பேரும் போடுவாங்களா? இவர் கேக்கச் சொல்லல, ஆனா கேப்பார்.


ரெண்டாம்_வாசல்
ஏப்ரல் 13, ராத்திரி 9:52

இல்லக்கா. பட்டத்துல யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா மட்டும்தான் இருக்கும், நேரா போனவனுக்கும் அதே காகிதம்தான். மேல படிக்க அப்ளை பண்றப்ப ரெண்டு எடத்து மார்க் ஷீட்டும் குடுக்கணும், அவ்ளோதான். லா ஸ்கூல்ல யாரும் என்னை அதுக்காக ஒரு மாதிரி பாத்ததில்ல.

இப்ப டேக். ட்ரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி. ஆறு யூசி கேம்பஸ் இதைத் தருது: டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ். அவங்க கேக்கற கோர்ஸ், கேக்கற ஜிபிஏ, அதாவது சராசரி மார்க் (டேவிஸ், இர்வைன், சான்டா பார்பரா எல்லாம் பெரும்பாலும் 3.2லேர்ந்து 3.4 வரைக்கும்) வாங்கிட்டா சீட் உறுதி. ஆறுல ஒண்ணுக்குத்தான் டேக் போட முடியும். செப்டம்பர் 1லேர்ந்து 30க்குள்ள போடணும், அது இல்லாம யூசி அப்ளிகேஷனும் தனியா போடணும், நெறைய பேர் டேக் போட்டதோட முடிஞ்சதுன்னு நெனச்சுட்டு அதை விட்டுடறாங்க.

பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூணும் டேக் தராது. அதனால உங்க பொண்ணு பெர்க்லிதான்னு மட்டும் நிக்கக்கூடாது. டேவிஸ்க்கு டேக் போட்டுட்டு பெர்க்லிக்கும் யூசிஎல்ஏக்கும் சாதாரணமா அப்ளை பண்ணணும். யூசிஎல்ஏக்கு டேப்னு ஒண்ணு இருக்கு, காலேஜ்ல ஹானர்ஸ் ப்ரோக்ராம் முடிச்சா அங்க முன்னுரிமை குடுத்து பாப்பாங்க. எந்தெந்த காலேஜ்ல இருக்குங்கறது யூசிஎல்ஏ லிஸ்ட்ல இருக்கும்.

இனிமே சொல்றதுதான் முக்கியம், இதுல நான் அடி வாங்கினேன். எந்த கோர்ஸ் எந்த யூசில எதுக்கு சமம்ங்கறது அசிஸ்ட் டாட் ஆர்க்ங்கற சைட்ல இருக்கு, அது ஒண்ணுதான் பைபிள். நான் முதல் வருஷம் கவுன்சலர் சொன்னதை அப்படியே நம்பினேன். அவர் பதினஞ்சு நிமிஷத்துல ஒரு தாள்ல எழுதிக் குடுத்தார், பாவம் அவருக்கு வெளிய இருபது பேர் வெயிட்டிங். அதுல ஒரு லிட்ரேச்சர் கோர்ஸ் டேவிஸ்ல எலெக்டிவா மட்டும்தான் எண்ணுவாங்க, மேஜருக்கு (முக்கியப் பாடத்துக்கு) எண்ண மாட்டாங்க. அது எனக்கு தெரிய வந்தது அக்டோபர்ல. கடைசில சம்மர்ல ரெண்டு கோர்ஸ் அடிச்சு புடிச்சு முடிச்சேன், அந்த சம்மர் எனக்கு ஊருக்குப் போகற டிக்கெட் போட்டிருந்தாங்க, தாத்தாவைப் பாக்க. கேன்சல் பண்ணோம். தாத்தா அதுக்கப்பறம் ரொம்ப நாள் இல்ல.

அதனால முதல் செமஸ்டர் பதிவு பண்றதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் உக்காந்து அசிஸ்ட்ல டேவிஸ் ஹிஸ்டரி, பெர்க்லி ஹிஸ்டரி, யூசிஎல்ஏ ஹிஸ்டரி மூணையும் பக்கத்துல பக்கத்துல தொறந்து வெச்சு ஒரு எக்செல் போடுங்க. மூணும் கேக்கறது ஒண்ணு இல்ல. கவுன்சலர்கிட்ட போறப்ப அந்த எக்செல்லோட போகட்டும், "என்ன எடுக்கலாம்"னு கேக்காம "இது சரியா"ன்னு கேக்கட்டும்.


எச்4_அப்பா
ஏப்ரல் 14, காலை 6:20

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க பையன் எச்4 (வேலை விசால வந்தவங்க குடும்பத்துக்குக் குடுக்கற விசா), கிரீன் கார்டு க்யூ எப்ப வரும்னு கடவுளுக்கே தெரியாது. அவனுக்கும் அந்த 46 டாலர்தானா?


ரெண்டாம்_வாசல்
ஏப்ரல் 14, காலை 10:15

எச்4ல கலிஃபோர்னியா ரெசிடென்ஸி (மாநிலவாசிங்கற தகுதி, அதுக்குத்தான் இந்தக் கொறைஞ்ச ஃபீஸ்) எடுக்கலாம் சார், ஒரு வருஷத்துக்கு மேல இங்க இருந்து, நிரந்தரமா இருக்கற எண்ணத்துக்கு டாக்ஸ், லைசன்ஸ்னு பேப்பர் காட்டணும். காலேஜ் அட்மிஷன்ஸ் ஆஃபீஸ்ல ரெசிடென்ஸி பாக்கற ஆளைத்தான் கேக்கணும், வாட்ஸப் குரூப்பை இல்ல. ஃபெடரல் எய்ட் கெடைக்காது. பெரிய தலைவலி 21 வயசு. அன்னிக்கு எச்4 முடிஞ்சு எஃப்1 ஸ்டூடண்ட் விசாவுக்கு மாறினா ரெசிடெண்ட் ஃபீஸ் போயிடும், நான்ரெசிடெண்டுக்கு யூனிட் 300 டாலருக்கு மேல. அது சரியா யூசில ஜூனியரா நுழையற நேரத்துல வந்து விழும், அங்க வித்தியாசம் இன்னும் பயங்கரம். பையன் பிறந்த தேதியை வெச்சு இப்பவே கணக்குப் போடுங்க, வக்கீலையும் கேளுங்க.


எச்4_அப்பா
ஏப்ரல் 14, காலை 10:22

டிசம்பர்ல 18 முடியும். சரி. புரிஞ்சிடுச்சு.


ஸ்காபரோ_சிவா
ஏப்ரல் 14, மாலை 4:40

நான் ரொறொன்ரோவில இருக்கிறன், எங்கட பக்கக் கதையையும் சொல்லுறன், ஏனெண்டா இதை வாசிச்சிட்டு இஞ்ச உள்ள ஆக்கள் பிழையா விளங்கக்கூடாது. ஒன்ராறியோவில காலேஜ் எண்டா வேற, யுனிவர்சிட்டி எண்டா வேற, முதல் ரெண்டு வருசத்தை அங்க படிச்சிட்டு மூண்டாம் வருசம் இஞ்ச வாறது எண்டு ஒரு நேர் ரோட்டு போட்டு வைக்கேல்ல. பாலங்கள் இருக்கு, செனெக்கா காலேஜில இருந்து யோர்க் யுனிவர்சிட்டிக்குப் போற மாதிரி, ஆனா ஒவ்வொரு காலேஜும் ஒவ்வொரு யுனிவர்சிட்டியோட தனித்தனியாப் பேசி வைச்சிருக்கிற ஒப்பந்தம். வன்கூவர் பக்கம்தான் கலிஃபோர்னியா மாதிரி. லங்காரா, டக்ளஸ் காலேஜுகளில ஆர்ட்ஸ் தொடங்கி யூபிசி, சைமன் ஃபிரேசர் மாதிரி யுனிவர்சிட்டிக்கு மாறலாம், எந்தப் பாடம் எதுக்குச் சமன் எண்டு பி.சி. ட்ரான்ஸ்ஃபர் கைட்டில போட்டிருக்கு.

தங்கச்சி, உங்கட மனுசன்ர கவலை எனக்கு விளங்குது. என்ர மகன் ப்ளம்பிங் படிக்கிறன் எண்டு காலேஜுக்குப் போனவன், நான் மூண்டு மாதம் கோயிலுக்குப் போகேல்ல. இப்ப எங்கட வீட்டிலயே அவன்தான் கூடச் சம்பாதிக்கிறான்.


சாயங்கால_வாத்தியார்
ஏப்ரல் 14, ராத்திரி 11:58

ஈஸ்ட் பேல மூணு கம்யூனிட்டி காலேஜ்ல பகுதிநேரமா இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறேன். எங்களை ஃப்ரீவே ஃப்ளையர்னு சொல்லுவாங்க, காலைல ஒரு ஊர், மதியம் ஒரு ஊர், ராத்திரி இன்னொரு ஊர், நடுவுல 880 ஹைவே ட்ராஃபிக்ல சாப்பாடு. அதனால நான் சொல்றதுல விளம்பரம் இருக்காது.

குமார் சார் சொன்ன தெருப் பையன் கதை பொய் இல்ல. மாநில ஆடிட்டர் 2024ல ஒரு ரிப்போர்ட் போட்டாங்க, ட்ரான்ஸ்ஃபர் ஆகணும்னு ஆரம்பிக்கறவங்கள்ல நாலு வருஷத்துக்குள்ள ஆகறவங்க ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தர்தான். இதை நான் சொல்லாம விட்டா எனக்கே தூக்கம் வராது. ஆனா என் கிளாஸை வந்து பாத்தா ஏன்னு புரியும். முப்பது பேர்ல பாதிப் பேர் வேலைக்குப் போறவங்க, ஒருத்தர் குழந்தையை மடில வெச்சுட்டு ஜூம்ல வருவாங்க, ஒருத்தர் ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வந்து முன் பெஞ்ச்சுல தூங்குவார். அவங்க ஒரு செமஸ்டருக்கு ரெண்டு கோர்ஸ்தான் எடுக்க முடியும். முட்டாள்னு யாரும் இல்ல, நேரம்தான் இல்ல. உங்க பொண்ணுக்கு வாடகை கட்ட வேண்டாம், சமைக்க வேண்டாம், ஃபுல் டைமா பதினஞ்சு யூனிட் எடுக்க முடியும். அந்த அஞ்சுல ஒருத்தர் கணக்கு அவளுக்கு அப்படியே பொருந்தாது.

அதுக்காக வழுக்கற எடம் இல்லன்னு இல்ல. எங்க பொறி இதுதான், எல்லாமே சுலபமா கெடைக்கும். பிடிக்கலன்னா ட்ராப் பண்ணலாம், அடுத்த செமஸ்டர் பாத்துக்கலாம், யாரும் வீட்டுக்கு போன் பண்ண மாட்டாங்க. 18 வயசுப் பசங்க செராமிக்ஸ், ஃபோட்டோகிராஃபின்னு ஆசைக்கு எடுத்துட்டே போய் 45 யூனிட் சேத்து வெச்சிருப்பாங்க, மேஜருக்குத் தேவையானது அதுல ஒம்பதுதான் இருக்கும். கணக்கை வேற கடைசி வரைக்கும் தள்ளிப் போடுவாங்க. ரெண்டு சி வாங்கின பொண்ணு கண்டிப்பா தள்ளிப் போடுவா, விடாதீங்க. ஹிஸ்டரிக்கு கால்குலஸ் எல்லாம் வேண்டாம், ஸ்டாடிஸ்டிக்ஸ் போதும். முதல் வருஷமே முடிக்கட்டும். முன்னாடி எல்லாம் ப்ளேஸ்மெண்ட் டெஸ்ட் வெச்சு ஹைஸ்கூல் கணக்கையே திரும்ப ரெண்டு செமஸ்டர் படிக்க வெப்பாங்க, அதுலயே பாதிப் பேர் காணாமப் போயிடுவாங்க. 2017ல ஏபி 705னு சட்டம் வந்து அதுக்கு ஒரு வழியா முடிவு கட்டிச்சு.

பொதுப் பாடம் பத்தி ஒண்ணு. எந்த மேஜர்னாலும் எல்லாரும் எடுக்க வேண்டிய பாடப் பட்டியலை பழைய ஆளுங்க ஐஜெட்சின்னு சொல்லுவாங்க, 2025 ஃபால்லேர்ந்து சேர்றவங்களுக்கு அது இல்ல, கேல்ஜெட்சி. 11 கோர்ஸ், 34 யூனிட், யூசிக்கும் கேல் ஸ்டேட்டுக்கும் ஒரே பட்டியல். அதுல மேடைப் பேச்சு மாதிரி ஒரு கோர்ஸ் கட்டாயம், எத்னிக் ஸ்டடீஸ் ஒண்ணு கட்டாயம். கோர்ஸ் நம்பரும் மாறிட்டிருக்கு, இங்கிலீஷ் 1Aன்னு இருந்தது இப்ப இங்கிலீஷ் சி1000. அண்ணன் அக்கா குடுத்த பழைய பேப்பரை வெச்சுட்டு பதிவு பண்ண வேண்டாம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இது என் சொந்த வயித்தெரிச்சல். பெரிய யுனிவர்சிட்டில முதல் வருஷம் முந்நூறு பேர் ஹால்ல உக்காந்து ப்ரொஃபசரை பைனாகுலர் வெச்சுப் பாக்கணும், கட்டுரையை திருத்தறது பெரும்பாலும் அங்க மேல்படிப்பு படிக்கற ஒரு பொண்ணோ பையனோதான். என் கிளாஸ்ல முப்பது பேர், திருத்தறது நான். ஹிஸ்டரி படிக்கறவளுக்கு எழுத்துதான் கருவி. அந்த ரெண்டு வருஷம் ஒருத்தர் உக்காந்து வரி வரியா சிவப்பு மையில எழுதினா அது எங்க போனாலும் கூட வரும். சரி, நாளைக்கு காலைல எட்டு மணி கிளாஸ்.


குபர்டினோ_குமார்
ஏப்ரல் 15, காலை 7:12

வாத்தியார் சார், அஞ்சுல ஒருத்தர்னு நீங்களே சொல்லிட்டு அப்பறம் அதை நீங்களே கரைச்சிட்டீங்க. ஆனாலும் முந்நூறு பேர் ஹால் நிஜம், என் பெரியவன் அதையே சொன்னான். என் பாயிண்ட் வேற, ஜூனியரா போய் நிக்கறப்ப எல்லாருக்கும் ஏற்கெனவே கும்பல் சேந்திருக்கும், இவ தனியா நிப்பா. அதுக்கு பதில் இருக்கா?


ரெண்டாம்_வாசல்
ஏப்ரல் 15, மதியம் 12:03

இல்ல அங்கிள், அது உண்மை. முதல் குவார்ட்டர் நான் லைப்ரரில தனியாத்தான் சாப்பிட்டேன். ட்ரான்ஸ்ஃபர் பசங்களுக்குன்னு தனி சென்டர் இருக்கும், அங்க போனப்பறம் சரியாச்சு. இன்னொரு கஷ்டமும் இருக்கு, ரெண்டே வருஷம்தான் இருக்குங்கறதால ப்ரொஃபசருங்க நம்மளை தெரிஞ்சுக்கறதுக்குள்ள சிபாரிசு லெட்டர் கேக்க வேண்டியிருக்கும். பெர்க்லி ஹிஸ்டரில கடைசில ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதணும், ட்ரான்ஸ்ஃபர் ஆகி போனவளுக்கு அது கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடும். இது விலை. 1,60,000 டாலருக்கு இந்த விலை குடுக்கலாம்னு நான் நெனச்சேன், எல்லாருக்கும் அப்படி இருக்கணும்னு இல்ல.

அப்பறம் சாருக்காக: ஆப்பிளை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஸ்டீவ் வாஸ்னியாக் டி ஆன்சாலேர்ந்து பெர்க்லி போனவர். நடிகர் டாம் ஹேங்க்ஸ் ஹேவர்ட்ல சேபோட் காலேஜ், உங்க வீட்லேர்ந்து இருபது நிமிஷம். தமிழ் மன்றத்துல கேட்டா சொல்ல ரெண்டு பேர் ஆச்சு.


நாப்பதுல_நான்
ஏப்ரல் 15, மாலை 5:45

நான் அந்த ஓலோனிலதான் சாயங்காலம் ஆர்ட் ஹிஸ்டரி எடுக்கறேன், 44 வயசு, ஊர்ல பி.காம். படிக்க வெச்சாங்க, படிச்சேன். பெயிலானவங்க போற எடம்னு யாராவது சொன்னா எனக்கு சிரிப்புதான் வருது, என் பக்கத்து சீட்ல ரிட்டயர்டு நர்ஸ் ஒருத்தங்க. மலைச் சரிவுல கட்டின காலேஜ், படிக்கட்டு ஏறி ஏறி முட்டிக்கு மட்டும் நல்ல தைலம் வேணும். மேலேர்ந்து பாத்தா பே (வளைகுடா) முழுக்க தெரியும். ஓலோனிங்கறது இந்த மண்ணோட பூர்வகுடி பேரு, 1797ல மிஷன் சான் ஹோசேங்கற கிறிஸ்தவ மடத்தைக் கட்டின பாதிரியாருங்க அந்த ஜனங்களைத்தான் உள்ள கொண்டு வந்து அடைச்சு வேலை வாங்கினாங்க. அந்த மிஷன் காலேஜ்லேர்ந்து நடக்கற தூரம். ஹிஸ்டரி படிக்கறவ தெனமும் அதைத் தாண்டித்தான் போகப் போறா.


மிஷன்பீக்_அம்மா
ஏப்ரல் 27, ராத்திரி 10:30

எல்லாருக்கும் கோடி நன்றி. உங்க பதிலை எல்லாம் ப்ரிண்ட் எடுத்து மைக்ரோவேவ் மேல வெச்சேன், படிங்கன்னு சொல்லல. ரெண்டாம் நாள் பாத்தா 2,760க்கு கீழ கோடு போட்டிருக்கு. மூணாம் நாள் அவரே எக்செல் தொறந்துட்டார். இந்த மனுஷன் ஆஃபீஸ்ல பதினெட்டு வருஷமா எக்செல்தான் போடறார், அசிஸ்ட்ல மூணு கேம்பஸையும் போட்டு கலர் கலரா அடிச்சு வெச்சிருக்கார், மஞ்சள் டேவிஸ், நீலம் பெர்க்லி. பொண்ணுக்கு இப்ப அதுதான் தொந்தரவு, "அப்பா இது என் காலேஜ்"ங்கறா.

ப்ரைவேட்டுக்கு வேண்டாம்னு எழுதிட்டோம். எழுதினப்ப அவ கொஞ்சம் அழுதா, நான் பாக்காத மாதிரி பாத்திரம் கழுவினேன். எல்லாரும் செப்டம்பர்ல பெட்ஷீட் வாங்கிட்டு கெளம்புவாங்க இல்ல, அது இருக்கும்.

பெர்க்லில தமிழும் எடுப்பாளாம். ஜார்ஜ் ஹார்ட்ங்கற ப்ரொஃபசர் வருஷக்கணக்கா தமிழ் சொல்லிக் குடுத்த எடம், 1990கள்ல நம்ம ஜனங்க காசு போட்டு தமிழ்ப் பீடம் (ப்ரொஃபசர் பதவி) வெச்ச எடம்னு இவரே எடுத்துச் சொன்னார், அதுல அவருக்கு ஒரு பெருமை. கெடைக்குமா கெடைக்காதான்னு தெரியல, இல்லன்னா எக்செல்ல மஞ்சள் டேவிஸ் இருக்கு பாத்துக்கலாம்.

நேத்து மாமியார் திருச்சிலேர்ந்து போன். இவர், "காலேஜ்ல சேந்துட்டாம்மா, வரலாறு"ன்னார். கம்யூனிட்டிங்கற வார்த்தை வரல, நானும் எடுத்துக் குடுக்கல. அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல, அப்பறம் மாமியார், "ஐஏஎஸ்ஸுக்கா?"ன்னாங்க. இவர் என்னைப் பாத்தார், அப்பறம் "ஆமாம்மா"ன்னுட்டார். இப்ப திருச்சி முழுக்க எங்க பொண்ணு கலெக்டர்.


மிஷன்பீக்_அம்மா
ஜூன் 9, காலை 9:18

வாத்தியார் சார் ஒரு சந்தேகம். ஸ்டாடிஸ்டிக்ஸ் கிளாஸ் ஃபுல்லாயிடுச்சாம், வெயிட்லிஸ்ட்ல ஆறாவது. வேற எடுக்கட்டுமா, அடுத்த செமஸ்டர்க்கு தள்ளட்டுமா? அவ தள்ளலாம்ங்கறா, சந்தோஷமா சொல்றா அதான் பயமா இருக்கு.


சாயங்கால_வாத்தியார்
ஜூன் 9, ராத்திரி 11:40

தள்ள வேண்டாம். ஆறுன்னா கெடைச்சுடும்மா, கிளாஸ் ஆரம்பிக்கறதுக்குள்ள பாதிப் பேர் மாத்திடுவாங்க. முதல் நாள் நோட்டோட வந்து முன் பெஞ்ச்சுல உக்காரச் சொல்லுங்க, வராதவங்க எடத்துக்கு வாத்தியார் ஆட் கோட் (கிளாஸ்ல சேர அனுமதி எண்) குடுப்பார். அந்த கோட் வந்த அன்னிக்கே பதிவு பண்ணணும், நாளைக்குன்னு வெச்சா காலாவதி ஆயிடும். பார்க்கிங் கெடைக்காது, அரை மணி நேரம் முன்னாடி கெளம்பச் சொல்லுங்க.